ஆல்ப்ஸில் அழிந்த பாறுகள் எப்படித் திரும்பி வந்தன? அதையே நீலகிரியில் செய்யலாமா?

கேள்வி இதுதான்: ஆல்ப்ஸ் மலையில் நூறு வருடத்துக்கு முன் அடியோடு அழிந்துபோன பிணந்தின்னிக் கழுகைக் கூண்டில் வளர்த்து, மலையில் விட்டு, இப்போது அது தானாகவே பெருகுகிறதாமே, எப்படிச் செய்தார்கள்? நீலகிரியிலும் அதையே செய்தால் என்ன?

இரண்டாவதற்குச் சுருக்கமான பதில், இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதல் கேள்விக்குள் முழுசாக இறங்க வேண்டும். கொஞ்சம் நீளும்.

முதலில் பெயர். பிணந்தின்னி என்று சொன்னதுமே முகம் சுளிக்கிறோம். பாறு என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. காட்டுயிர் ஆர்வலர்கள் இப்போது அதைத்தான் எழுதுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆல்ப்ஸில் அழிந்து திரும்பி வந்தது தாடிப் பாறு. அலகுக்குக் கீழே கறுப்பு மயிர்க்கொத்து ஒன்று தாடிபோல் தொங்கும். மற்றப் பாறுகளைப் போலத் தலை மொட்டையாக இருக்காது. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல் போகும், ஆனால் எடை ஐந்திலிருந்து ஏழு கிலோதான்.

இந்தப் பறவை நம் இமயமலையிலும் உண்டு. ஸ்பிட்டியில் ஒரு நாள் காலையில் நான் பார்த்தது இது. ஒரு பாறு காலில் எலும்பு ஒன்றை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. பாறைச் சரிவுக்கு நேர் மேலே வந்ததும் விட்டது. எலும்பு விழுந்து துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ‘டக்’கென்று சத்தம் வந்தது. உடையவில்லை. பாறு சுற்றிச் சுற்றி இறங்கி, அதையே எடுத்துக்கொண்டு மறுபடி ஏறியது. நாலாவது முறை எலும்பு இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து, தலையை அண்ணாந்து, நாம் முருங்கைக்காயைக் கையில் பிடிக்கும் நீளத்துக்கு இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டது. இதன் சாப்பாட்டில் பெரும்பங்கு எலும்புதான். வயிற்று அமிலம் அவ்வளவு கடுமை, ஒரு நாளுக்குள் எலும்பு கரைந்துவிடும். அந்த அமிலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்படி எலும்பு பொறுக்கித் தின்னும் பறவையை ஏன் கொன்றார்கள்? ஜெர்மன் மொழியில் அதன் பெயரே ‘ஆட்டுக்குட்டிப் பாறு’ என்றுதான் பொருள்படும். ஆட்டுக்குட்டியைத் தூக்கும், தொட்டில் பிள்ளையையும் தூக்கும் என்று ஊர் ஊராகக் கதை. அதன் கால் அவ்வளவு பலமானதும் இல்லை, ஐந்தாறு கிலோப் பறவை ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கவும் முடியாது. ஆனாலும் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் வைத்தார்கள். துப்பாக்கி, விஷம், பொறி எல்லாம் சேர்ந்து, கடைசிப் பறவை 1913-ல் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் சுடப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது.

அதற்குள் அதன் சாப்பாடும் போய்விட்டிருந்தது. நம் வரையாட்டைப் போலச் செங்குத்துப் பாறையில் வாழும் ஐபெக்ஸ் காட்டாட்டை வேட்டையாடித் தீர்த்து, கிரான் பாரதீசோ என்ற ஓரிடத்தில் மட்டும், அதுவும் இத்தாலிய மன்னரின் சொந்த வேட்டைக்காடாக இருந்ததால், கொஞ்சம் தப்பியிருந்தது. சுவிட்சர்லாந்து விலைக்குக் கேட்டும் மன்னர் தரவில்லை. சுவிஸ்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1906-ல் திருட்டு வேட்டைக்காரர் ஒருவரை வைத்து எல்லை தாண்டிக் குட்டிகளைக் கடத்திவந்தார்கள். சென்ட் காலன் நகரத்து விலங்குப் பூங்காவில் வளர்த்து 1911-ல் மலையில் விட்டார்கள். இன்று ஆல்ப்ஸ் முழுக்க மேயும் ஐபெக்ஸ்களுக்கெல்லாம் மூலம் அந்தக் கிரான் பாரதீசோ மந்தைதான். பாறுவைப் பற்றிக் கேட்டால் ஆட்டுக் கதை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தாடிப் பாறு நடுக்குளிர்காலத்தில் முட்டையிடும். குஞ்சு வெளிவரும் பிப்ரவரி, மார்ச்சில் பனிச்சரிவில் புதைந்து செத்த மலையாடுகள் வெளியே தெரியத் தொடங்கும். ஆடு திரும்பி வராமல் இருந்திருந்தால் எத்தனை பாறுவைக் கொண்டுவந்து விட்டும் பயன் இருந்திருக்காது.

ஆக, சட்டப் பாதுகாப்பு வந்தது, ஆடு வந்தது, மலைக்காரர்கள் மனசும் கொஞ்சம் மாறியது. அதற்கப்புறம்தான் பறவை.

முதல் முயற்சி தோல்வி. 1970-களில் ஆப்கானிஸ்தானில் பிடித்த பாறுகளை பிரெஞ்சு ஆல்ப்ஸில் விட்டுப் பார்த்தார்கள், உருப்படவில்லை. காட்டிலிருந்து பிடித்துவருவது சரிவராது என்று புரிந்ததும், 1978-ல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் கூடி வேறு முடிவுக்கு வந்தார்கள். ஐரோப்பிய விலங்குக்காட்சி சாலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் தாடிப் பாறுகளைச் சேர்த்து ஒரே குடும்பமாகக் கணக்கெழுதி வளர்ப்பது, அதில் வரும் குஞ்சுகளை மட்டும் மலையில் விடுவது. இன்ஸ்புரூக்கின் ஆல்ப்ஸ் விலங்குப் பூங்கா ஏற்கெனவே கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருந்தது. வியன்னாவுக்கு அருகில் ஹாரிங்ஸே என்ற இடத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் வந்தது. ஹான்ஸ் ஃப்ரை என்ற விலங்கு மருத்துவர் அதைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்.

இங்கே ஒரு கொடுமையான விஷயம் அவர்களுக்குக் கை கொடுத்தது. தாடிப் பாறு பெரும்பாலும் இரண்டு முட்டையிடும், ஆனால் காட்டில் ஒரு குஞ்சுதான் பிழைக்கும். சில நாள் முன்னால் பிறந்த மூத்தது இளையதைக் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். தாயும் தகப்பனும் தடுப்பதில்லை. முதல் முட்டை கூமுட்டையாகப் போனால் இருக்கட்டும் என்று போட்டுவைத்த காப்பு முட்டைதான் இரண்டாவது. கூண்டில் அந்த இளையதை முன்கூட்டியே எடுத்துவிடலாம். எப்படியும் சாகப்போகிற உயிர் என்பதால் யாரிடமிருந்தும் பறித்ததாகாது. சில நாள் கையால் ஊட்டி, முட்டை கூமுட்டையாகிப்போன வேறொரு ஜோடியின் கூட்டில் வைப்பார்கள். அந்த ஜோடி தன் குஞ்சென்றே வளர்க்கும். மனிதக் கையிலேயே வளர்ந்த குஞ்சு மனிதனைத் தன் இனமென்று நினைத்துவிடும், அதை மலையில் விட முடியாது.

ஜோடி சேர்ப்பதும் லேசான வேலை இல்லை. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பிடிக்காத இரண்டை ஒரே கூண்டில் போட்டால் ஒன்றையொன்று கொன்றேவிடும்.

1986-ல் ஆஸ்திரியாவின் ராவுரிஸ் பள்ளத்தாக்கில் முதல் நாலு குஞ்சுகள் விடப்பட்டன. விடுவது என்றதும் கூண்டுக் கதவைத் திறப்பது, பறவை பறப்பது, எல்லாரும் கை தட்டுவது என்று ஒரு படம் மனசில் வரும். அது இப்படி நடப்பதில்லை. பறக்கத் தெரியாத, ஏறக்குறைய 90 நாள் ஆன குஞ்சுகளை மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு மலையேறுவார்கள். கூரை போலப் பாறை துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குகைத்திண்டு முன்பே பார்த்து வைக்கப்பட்டிருக்கும். ஊசியிலை மரத்துச் சுள்ளியும் செம்மறி ரோமமும் போட்டு அதில் கூடு தயாராக இருக்கும். இரண்டோ மூன்றோ குஞ்சுகளை அதில் உட்காரவைத்து, காலில் வளையம் மாட்டி, எலும்பும் இறைச்சியும் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அதன்பின் குஞ்சு மனிதமுகம் பார்க்கக்கூடாது, சாப்பாடு மறைவிலிருந்து வந்து விழும். எதிர்ச்சரிவில் குடிசை போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் எந்தக் குஞ்சு எத்தனை தரம் இறக்கை அடித்தது, எதைத் தின்றது என்று நாள் முழுக்க நோட்டில் எழுதுவார்கள். நாலு மாதம் ஆகும்போது அது தானாகத் திண்டின் விளிம்புக்கு வந்து தாவும். முதல் தரையிறக்கம் பெரும்பாலும் குப்புற விழுவதுதான்.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. தாடிப் பாறு முதன்முதலாக எந்த இடத்திலிருந்து பறந்ததோ அதையே சொந்த ஊராக எடுத்துக்கொள்கிறது. அடுத்த சில வருடங்கள் மலைத்தொடர் முழுக்க நாடோடியாகத் திரியும். கூடு கட்டும் வயது வந்ததும் விட்ட இடத்துப் பக்கம் திரும்பி வரும். வளர்ந்த பறவையைக் கொண்டுபோய் விட்டால் இந்த ஊர்ப்பாசம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஆஸ்திரியாவில் தொடங்கி, 1987-ல் பிரான்சின் ஓத்-சவுவா, 1991-ல் சுவிட்சர்லாந்தின் எங்கடீன், 1993-ல் பிரான்ஸ்-இத்தாலி எல்லையின் மெர்க்காந்தூர் என்று ஆல்ப்ஸ் வளைவின் நாலு இடங்களில் பிரித்துப் பிரித்து விட்டார்கள்.

ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன் ஒவ்வொரு குஞ்சுக்கும் இறக்கையிலும் வாலிலும் சில இறகுகளை மட்டும் வெளுத்துவிடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இடத்தில். கீழே நிற்கும் ஆட்டுக்காரர் “இடது இறக்கையில் வெள்ளை, வாலில் நடுவில் வெள்ளை” என்று தொலைபேசியில் சொன்னால் போதும், எந்தப் பறவை என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு வருடத்தில் அந்த இறகு உதிர்ந்து புதுசு முளைத்துவிடும். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான். முன்பு சுட்டவர்களின் பேரப்பிள்ளைகளை இது பறவைக் கணக்கெடுப்பவர்களாக்கியது.

நிறம் என்றதும் இன்னொன்று. வளர்ந்த தாடிப் பாறுவின் நெஞ்சு செம்மஞ்சளாக இருக்கும். அது பிறவி நிறமில்லை. உண்மையில் வெள்ளை. இரும்புத்துரு கலந்த ஊற்றுச் சேற்றில் போய்ப் புரண்டு தானே சாயம் ஏற்றிக்கொள்கிறது. கூண்டில் சேறு கிடைக்காத பறவை வெள்ளையாகவே இருக்கும், கொடுத்தால் உடனே குளித்துவிடும். ஏன் செய்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எனக்கு எதுவும் முழுத் திருப்தி தரவில்லை.

இனிப் பொறுமைக் கணக்கு. 1986-ல் முதல் விடுதலை. காட்டில் முதல் குஞ்சு பறந்தது 1997-ல், ஓத்-சவுவாவில். நடுவில் பதினொரு வருடம், வருடாவருடம் குஞ்சு விட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒரு கூட்டிலிருந்தும் ஒரு குஞ்சு வெளியே வரவில்லை. இந்தப் பறவை எட்டு வயது வாக்கில்தான் உருப்படியாகக் குஞ்சு பொரிக்கும், அதுவும் வருடத்துக்கு ஒன்று. நிதி கொடுப்பவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பலன் கேட்கும் காலத்தில் அந்தப் பதினொரு வருடத்தை எப்படித் தாக்குப்பிடித்தார்களோ. இன்றைக்கு ஆல்ப்ஸில் 300-க்கும் மேற்பட்ட தாடிப் பாறுகள் பறக்கின்றன. அவற்றில் பல மலையிலேயே பிறந்தவை. ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடன் தேசியப் பூங்காவிலும் 2021-ல் இரண்டு பெண் குஞ்சுகளை விட்டுத் தொடங்கினார்கள்.

முதல் இருபது வருடத் தகவலை எடுத்து ஆராய்ந்தபோது கிடைத்த எண்கள் இவை: விடப்பட்ட நூறு குஞ்சில் 88 முதல் வருடத்தைத் தாண்டுகிறது, அதன்பின் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு 96 பிழைக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு குஞ்சில் 66 எட்டு வயதைத் தொடும், தொட்ட பறவை சராசரியாக இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கும். இப்போது அந்த 96-ஐ மட்டும் 86 என்று மாற்றுங்கள். எட்டு வயதைத் தொடுவது 31 பறவை, அதன்பின் ஏழு வருடம்தான். கூண்டில் எவ்வளவு குஞ்சு பொரிக்கவைத்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. வளர்ந்த பறவை சாகாமல் இருக்கிறதா என்பதுதான் முழுக் கணக்கும். நீலகிரிக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

ஆல்ப்ஸிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ரோப் கார் கம்பியிலும் மின்கம்பியிலும் மோதிச் சாகின்றன. கூட்டுக்குப் பக்கத்தில் ஹெலிகாப்டரோ பாராகிளைடரோ போனால் முட்டையை விட்டுவிட்டுப் பறந்துவிடும். எல்லாமே சில பத்துப் பறவைகளின் வம்சம் என்பதால் மரபணு வகை குறைவு. எல்லாவற்றையும்விட ஈயம். வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டு, குடலை அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஈயத் தோட்டா உடம்புக்குள் தூளாகச் சிதறியிருக்கும். எலும்பைக் கரைக்கும் அதே அமிலம் ஈயத்தையும் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. பறவைக்குக் கண் மங்கி, கால் தள்ளாடி, கடைசியில் பறக்க முடியாமல் போகிறது. இதைத் தெரிந்துகொண்டு சில பகுதிகளில் வேட்டைக்காரர்களே செம்புத் தோட்டாவுக்கு மாறியிருக்கிறார்கள்.

பிரான்சில் இன்னொரு மீட்பும் நடந்தது. நமக்கு அது இன்னும் நெருக்கம். மாசிப் சென்ட்ரால் என்ற மலைப்பகுதியின் தெற்கே கிராந் கோஸ் என்ற சுண்ணாம்புப் பீடபூமி, முழுக்கச் செம்மறி ஆட்டு நாடு. அங்கே அழிந்திருந்த கிரிஃபான் பாறு நம் வெண்முதுகுப் பாறுவின் நெருங்கிய உறவு, கூட்டமாக வாழும், கூட்டமாகத் தின்னும். அங்கே இளம் பறவைகளை விட்டுப் பார்த்தது சரிப்படவில்லை. அதனால் பறவைப் பாதுகாவலர்களான தெராஸ் சகோதரர்கள் முன்னின்று, பறவைகளைக் கூண்டிலேயே ஜோடி சேரும் வயதுவரை வைத்திருந்து 1981-லிருந்து 1986 வரை 61 பாறுகளை விட்டார்கள். அடுத்த வருடமே, 1982-ல், காட்டில் குஞ்சு. ஆனால் விடுவதற்கு முன் பல வருடம் ஊர் ஊராகப் போய் ஆட்டுக்காரர்களிடம் பேசினார்கள். பிறகு பண்ணைகளே செத்த ஆட்டைப் போட சட்டப்படி ஒரு மேடை வைத்துக்கொண்டன. லாரி பிடித்து சடலத்தை அப்புறப்படுத்தும் செலவு மிச்சம், பாறுவுக்குச் சாப்பாடு. தாடிப் பாறுவுக்குக் குஞ்சாக விடுவது, கிரிஃபானுக்கு வளர்த்து விடுவது. ஒன்றுக்குச் சரியான முறை அடுத்ததற்குப் பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நம் ஊர். நீலகிரி அடிவாரத்தில், முதுமலை, சீகூர், சத்தியமங்கலம் என்று மோயாறு ஓடும் பகுதியில் பாறு அழிந்துவிடவில்லை. வெண்முதுகுப் பாறு ஆற்றோர நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு பாறை முகட்டில் கட்டுகிறது. செந்தலைப் பாறுவும் இருக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைவு, ஆனால் உயிரோடு இருக்கும் காட்டுக்கூட்டம். 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த வீழ்ச்சியில் இவை தப்பியதற்கு முக்கியக் காரணம், புலியும் செந்நாயும் மிச்சம் வைக்கும் மான், காட்டெருமையின் இறைச்சியில் மருந்து இல்லை.

மருந்து என்றால் டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட ஊசி. போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்பெல்லாம் வெள்ளை மாவு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்து செத்துவிடும். லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு பாகிஸ்தானில் இதைக் கண்டுபிடித்து 2004-ல் வெளியிட்டது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அளவு அழிவு வந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு சடலத்தில் ஐம்பது அறுபது பாறு உட்கார்ந்தால் பின்னே என்ன ஆகும். 2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை. மனிதருக்கான பெரிய பாட்டிலை மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-ல் ஊசி பாட்டில் 3 மில்லிக்கு மேல் கூடாது என்று உத்தரவு. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடை. பின்னது மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது.

இந்தியாவில் கூண்டு வளர்ப்பு இல்லாமல் இல்லை. ஹரியானாவின் பிஞ்சூரில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் நிலையம் 2004-லிருந்து வளர்க்கிறது. வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டது 2020-ல்தான். ஏன் இத்தனை வருடம் கூண்டில் அடைத்து வைத்தீர்கள் என்று அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன். வெளியே மருந்து கிடக்கும்போது விட்டால் பத்து வருடம் வளர்த்ததை ஒரு மதியத்தில் இழக்கலாம். நேபாளமும் அப்படித்தான், சுற்றுவட்டாரத்தில் மருந்தைத் துடைத்தெடுத்த பிறகே 2017-ல் விட்டது.

ஆகவே நீலகிரியில் கூண்டு கட்டும் பணம் இருந்தால் அதை நான் வேறு மூன்று இடத்தில் போடுவேன். மருந்துக் கடைக் கண்காணிப்பு ஒன்று. மாட்டை அடித்த புலிமேல் கோபத்தில் சடலத்தில் விஷம் வைப்பதைத் தடுக்க, மாட்டுக்காரருக்கு நஷ்டஈடு அந்த வாரமே கையில் கிடைக்கச் செய்வது இரண்டாவது. காட்டில் இயற்கையாகச் செத்த மிருகத்தைப் புதைக்காமல் எரிக்காமல் அங்கேயே விடுவது மூன்றாவது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. இவை சரியாக நடந்தும் கூட்டம் சுருங்கிக்கொண்டே போனால் அப்போது பிஞ்சூரைக் கேட்கலாம்.

முதலாவதைப் பற்றி ஒரு காட்சி மட்டும். சில வருடத்துக்கு முன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் மாட்டுக்குக் காய்ச்சல், ஊசி மருந்து வேண்டும் என்றார். சீட்டு எதுவும் இல்லை. கடைக்காரர் டைக்ளோஃபெனாக் 3 மில்லி பாட்டில் ஐந்தை எடுத்து வரிசையாகக் கண்ணாடிமேல் வைத்தார். ஒரு மாட்டுக்கு அவ்வளவு வேண்டியிருக்கும். வந்தவர் போன பிறகு மெலாக்சிகாம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அதே வேலையைச் செய்யும், பாறுவுக்குக் கேடு இல்லாதது.

“இருக்குங்களே,” என்றார். பின்னால் அலமாரியிலிருந்து எடுத்தும் காட்டினார். “யாரும் கேக்கறதில்லைங்க.”